காது அடைத்த ரிப்பீட்டர்

ஸ்பேனருக்குக் கோபம் வர மலை ஏற வேண்டியதில்லை, ஒரு மேடு போதும். அன்றைக்கு மலையே ஏறினாள், அதுவும் கொட்டுகிற மழையில், முதுகில் கருவிப் பையோடு. அவள் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவதைக் கேட்டபடியே வேலை பார்த்துப் பழகியவள். அவள் பழுது பார்த்த லிஃப்ட் ஏறுவதும் இறங்குவதும் காதில் விழாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ரேடியோ சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர்தான் ஸ்பேனர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

மழை ஊரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் வெள்ளம், ஃபோன்கள் செத்துக் கிடந்தன. வேலைவெட்டி இல்லாமல் கொரகொரவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊரே கிண்டல் செய்த ரேடியோ பைத்தியங்கள்தான் இப்போது ஊருக்கு வாயும் காதும். ஆஸ்பத்திரியில் ஒருவர் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார், மருந்துக்கடைக்காரர். மீட்புப் படகில் ஒருவர். இவர்கள் எல்லோரையும் வரிசைப்படுத்திப் பேசவைப்பது ஸ்பேனரின் அக்கா. கணக்கு டீச்சர். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ரேடியோவை வைத்துக்கொண்டு, வகுப்பில் வருகை எடுக்கிற அதே குரலில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். ரேடியோவில் ஏறிவிட்டால் தங்கையைக்கூட 'நீங்க' என்றுதான் சொல்வாள். 'வாடி போடி எல்லாம் வீட்டோட' என்பது அவள் சட்டம்.

எல்லோரும் பதில் சொன்னார்கள், ஒருவனைத் தவிர. அவர்களுடைய தம்பி. ஆற்றோர பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று காலையில் போனவன் வரவில்லை. கையில் ரேடியோ வைத்திருந்தான். ரேடியோ பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை பாஸ் செய்து, லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டியவன். அக்கா இடையிடையே அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலே இல்லை.

இது போதாதென்று ரேடியோவில் ஒரு சத்தம் வேறு. டக், கர்ர்ர், டக். மறுபடி டக், கர்ர்ர், டக். ஆஸ்பத்திரிக்காரர் மருந்துப் பெயர் சொல்லும்போது குறுக்கே புகுந்து பாதியைத் தின்றுவிடும்.

"இந்தச் சத்தம் தலைவலியா இருக்குங்க. டாக்டர் சொல்றது ஒண்ணு, எனக்குக் கேக்குறது ஒண்ணு. ஏதாவது பண்ணுங்க, ஓவர்" என்று மருந்துக்கடைக்காரர் புலம்பினார்.

"மலைக்கு ஆள் அனுப்பறேன். ஓவர்" என்றாள் அக்கா. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "போடி, போய் அதை நிறுத்திட்டு வா" என்றாள்.

மலை உச்சியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, பக்கத்தில் கோபுரம், அதன் தலையில் ஆன்டெனா. அறைக்குள் இருந்த ரிப்பீட்டர் செய்கிற வேலை ஒன்றுதான். கீழே பேசுகிறவனின் மெல்லிய குரலை ஒரு காதால் கேட்டு, அதே நொடியில் வேறு அலைவரிசையில் ஊருக்கெல்லாம் உரக்கக் கத்த வேண்டும். கேட்பதும் கத்துவதும் ஒரே ஆன்டெனாவில். தன் கத்தலே தன் காதை அடைக்காமலிருக்க நடுவில் ஆளுயரத் தகர உருளைகள், ஃபில்டர்கள். அப்புறம் ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு. அது வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி. வெறும் இரைச்சலை உள்ளே விடாது, குரல் வந்தால்தான் கதவைத் திறக்கும்.

ஸ்பேனர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். கூரை ஒழுகி ஃபில்டர் உருளைகளின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்தாள், இணைப்புகளை இறுக்கினாள். சத்தம் போகவில்லை. சிக்னல் மீட்டரின் முள் துள்ளித் துள்ளி விழுந்தது. மழை இரைச்சல்தான் காவலாளியை ஏமாற்றி உள்ளே வருகிறது என்று முடிவு கட்டினாள். ஸ்குவெல்ச் திருகைக் கொஞ்சம் இறுக்கினாள். இன்னும் கொஞ்சம். சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது.

"மலை பேசறேன். இப்ப எப்படி இருக்கு? ஓவர்."

"அடேயப்பா! பளிங்கு மாதிரி இருக்குங்க. ஸ்பேனர்னா ஸ்பேனர்தான்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எவ்வளவு கோபக்காரியாக இருந்தாலும் பாராட்டு என்றால் கசக்குமா? கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே கடைசியாக ஒரு தடவை மீட்டரைப் பார்த்தாள்.

முள் எழுந்து நின்றது. துள்ளவில்லை, கொஞ்சமாக எழுந்து அப்படியே நின்றது. ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிற நேரம் நின்றுவிட்டு விழுந்தது. பிறகு சும்மா இருந்தது, யாரோ பதில் வருகிறதா என்று பார்க்கிற நேரம் வரைக்கும். மறுபடி எழுந்தது.

இரைச்சல் எங்கேயாவது பதிலுக்குக் காத்திருக்குமா?

ஸ்பேனர் பையைக் கீழே போட்டாள். சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. ஃபில்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ரிப்பீட்டர் வாயைத் திறந்தாலே அதன் காது அடைத்துப்போகிறது. ஆஸ்பத்திரி, படகு, அக்கா எல்லாம் பெரிய குரல்கள், அடைத்த காதிலும் விழும். சின்னக் குரல் ஒன்று வந்தால்? கேட்டதும் ரிப்பீட்டர் கத்த ஆரம்பிக்கும், கத்தியதும் காது அடைக்கும், குரல் தொலையும், கதவு மூடும். மூடியதும் மறுபடி கேட்கும். அதுதான் டக், கர்ர்ர், டக். யாரோ இத்தனை நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மலை ஏறி வந்து அந்த வாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் பாராட்டும் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குரலைக் கேட்க ஒரே வழிதான் இருந்தது. ரிப்பீட்டரின் வாயைப் பூட்டிவிட்டு, காதை மட்டும் திறந்து வைத்து, அறையில் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். வாயைப் பூட்டினால் ஊர் முழுக்க ஊமை. அதோடு வேறு எவரும் மூச்சுவிடக் கூடாது. யார் பேசினாலும் அந்தச் சின்னக் குரல் அமுங்கிவிடும்.

"மலை பேசறேன். ரிப்பீட்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும். எல்லாரும் சும்மா இருக்கணும். அவசரம், ஓவர்."

"முடியாது" என்றாள் அக்கா. "பிரசவ வலியில ஒரு பொண்ணு படகுல வருது. என்ன பண்ணணும்னு டாக்டர் படகுக்குச் சொல்லிட்டிருக்காரு. ரிப்பீட்டர் நல்லாத்தானே இருக்கு? ஓவர்."

"நல்லா இல்ல! அந்தச் சத்தம் சத்தமே இல்லக்கா. ஆளு! நம்ம தம்பியா இருந்தாலும் இருக்கும்!"

'ஓவர்' சொல்ல மறந்துவிட்டாள். அக்கா இரண்டு தடவை பேச ஆரம்பித்து இரண்டு தடவையும் நிறுத்தினாள். கணக்கு டீச்சர் இப்படித் தடுமாறி யாரும் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரி, படகு, எல்லாரும் கேளுங்க" என்று கடைசியில் குரல் வந்தது. "மலையிலேர்ந்து சொல்ற வரைக்கும் யாரும் பொத்தானைத் தொடக்கூடாது. படகு, நீங்க இப்ப வர்ற வழியிலேயே மெதுவா வாங்க." பிறகு, சட்டத்தையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு, "சீக்கிரம் கேளுடி" என்றாள்.

ஸ்பேனர் வாயைப் பூட்டும் சுவிட்சைத் தட்டினாள். ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்தாள். அறை முழுக்க ஸ்பீக்கரின் இரைச்சல், மேலே தகரத்தில் மழையின் இரைச்சல். காதை ஸ்பீக்கரிலேயே ஒட்ட வைத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. படகில் அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ என்று நினைத்தாள். தப்பாக எடைபோட்டுவிட்டேனோ என்று கை சுவிட்சுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"…யாராவது இருக்கீங்களா… பம்ப் ஹவுஸ் மாடியில இருக்கேன்… தண்ணி படிக்கட்டு பூரா ஏறிடுச்சு…"

தம்பிதான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தாலும் அவன்தான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கைரேடியோவில் ரிப்பீட்டர் பேசுகிற அலைவரிசையை வைத்துக்கொண்டு மழையிலேயே வெளியே ஓடினாள். தகரக் கூரைக்கு வெளியே, மலை மேலிருந்து பேசினால் நேராகவே அவனுக்குக் கேட்கும்.

"டேய்! சின்னக்காடா! கேக்குதா? ஓவர்!"

உள்ளே ஓடி ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

"சின்னக்கா! அப்பாடா! ஏன்க்கா யாருமே பேசல? நான் அமுக்குறப்ப எல்லாம் டக்குனு ஒரு சத்தம் திரும்பி வந்துச்சு. யாரோ கேக்குறாங்கன்னு தெம்பா இருந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. எல்லாரும் மூட்டை கட்டிட்டாங்கன்னு நினைச்சேன். நீந்திரலாம்னு சட்டையைக் கழட்டிட்டேன்க்கா. ஓவர்."

அந்த ஆற்றில் நீந்துவதாம்! பம்ப் ஹவுஸ் பக்கம் ஆறு சாதாரண நாளிலேயே ஆளை இழுக்கும். ஸ்பேனர் வெளியே ஓடியது மழைக்குள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"இறங்கினே, காலை உடைச்சிருவேன்! சட்டையைப் போடு! படகு அனுப்பறேன். இப்ப நான் ரிப்பீட்டரைத் திறக்கணும், திறந்தா உன் பேச்சு கேக்காது. ஆனா நீ அமுக்கினா அந்த டக் வரும். அதை இனிமே நிறுத்த மாட்டேன். அது வந்தா நான் இங்கதான் இருக்கேன்னு அர்த்தம், புரிஞ்சுதா? ஓவர்."

"புரிஞ்சுது. பேட்டரி சிவப்பு காட்டுது, சீக்கிரம் வாங்கக்கா" என்றான்.

சுவிட்சைத் திரும்பத் தட்டி, ஸ்குவெல்ச்சைப் பழையபடி தளர்த்தி, விஷயத்தைச் சொன்னாள். இருப்பதோ ஒரே படகு.

"முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் பம்ப் ஹவுஸ்" என்றாள் அக்கா. "படகு, நீங்க கரையில இறக்கிட்டு நேரா அங்க போங்க. ஓவர்."

"அக்கா, தண்ணி படிக்கட்டு பூரா…"

"மலை. வரிசைப்படிதான்."

அவ்வளவு கறாராகச் சொன்னவளை ஸ்பேனர் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். கல்நெஞ்சக்காரி என்றாள், இன்னும் என்னவெல்லாமோ சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்ததால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

டக், கர்ர்ர், டக்.

"ஐயோ, பழைய சத்தம் திரும்பி வந்துடுச்சுங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆஸ்பத்திரி, அது எங்க தம்பி" என்றாள் அக்கா. "கொஞ்சம் பொறுத்துக்குங்க." அந்தக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. கல்நெஞ்சக்காரி என்று திட்டியதையெல்லாம் ஸ்பேனர் அந்த நிமிஷமே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் மருந்துக்கடைக்காரர் புலம்பவில்லை. டக் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். படகு கரை சேர்ந்தது. அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். படகு திரும்பியது. ஸ்பேனர் தரையில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டக் இப்போது அரிதாகத்தான் வந்தது. சிக்கனமாக அமுக்குகிறான், புத்திசாலி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ஒன்று வந்தது, பாதியில் அறுந்து. அதோடு சரி.

முள் அசையவில்லை. தொடுவதற்கு ஒரு திருகுகூட இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும், பேட்டரிதான், வேறொன்றும் இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். அக்கா ஒருவரையும் கூப்பிடவில்லை. படகுக்காரரை என்ன ஆச்சு என்று கேட்கிற தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை.

"படகு பேசறேன்." மூச்சிரைத்தது. "ஆள் கிடைச்சாச்சு. மாடிச் சுவர் மேல நின்னுட்டிருந்தாரு. நல்லா இருக்காரு. இந்தாங்க, பேசணுமாம்."

படகின் பெரிய ரேடியோவில் தம்பியின் குரல் கணீரென்று வந்தது. "பெரியக்கா, சின்னக்கா, நான் ஏறிட்டேன். குளிருது, வேற ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முதல்ல அந்தச் சத்தத்தை யாரு நிறுத்தினது? ஓவர்."

ஸ்பேனர் பொத்தானை அமுக்கி, "நான்தான்டா" என்றாள். கையை எடுத்ததும் தம்பி சிரிப்பது கேட்டது.

"ஒரே விசில்தான் வருது. ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா எனக்கு என்ன புரியும்? ஒருத்தர் பேசுங்க, ஓவர்."

அக்காவும் அதே நேரத்தில் அமுக்கியிருக்கிறாள். என்ன சொல்லியிருப்பாள் என்று ஸ்பேனருக்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்றிருப்பாள். அவளை முந்திக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

"நான்தான்டா. திருகை இறுக்கி நான்தான் நிறுத்தினேன். ஓவர்."

படகு இன்ஜின் இரைச்சலோடு பதில் வந்தது.

"அவ்வளவு சுத்தமா நின்னப்பவே நினைச்சேன், நீயாத்தான் இருக்கும்னு. ஓவர்" என்றான் தம்பி.

பதில் சொல்ல ஸ்பேனர் பொத்தானை அமுக்கினாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. கையை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ரிப்பீட்டர் அதை ஒரு விசும்பல் விடாமல் ஊருக்கெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.