சிதம்பரம் போகும் பாட்டில்

இளமதி அன்றைக்கு ஸ்பேனரோடு வந்திருந்தாள். கடலூர் முதுநகரில் ரஹ்மத் பீவி வீட்டுப் பின்கட்டில் தான் மாட்டிய சவ்வு வடிகட்டியைக் கழற்ற வேண்டும். அதோடு தன் ஆராய்ச்சிக்கும் ஒரு முழுக்குப் போட வேண்டும்.

அந்தத் தெருவின் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். இளமதி தன் கையால் செய்த சவ்வு உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் விட வேண்டும். குடிப்பதற்கென்றால் கொஞ்சம் உப்பு நழுவினாலும் பாதகமில்லை. அவளோ அந்தத் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கப் பார்க்கிறாள். அதற்கான இயந்திரம் புது மாப்பிள்ளை மாதிரி, துளி உப்பு கூடினாலும் முறுக்கிக்கொள்ளும்.

ரஹ்மத் பீவியின் மகள் அல்மாஸ் சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போகிறவள். வாரம் ஒரு பாட்டில் வடிகட்டிய தண்ணீரை அங்கே இளமதியின் ஆய்வகத்தில் கொடுப்பது அவள்தான். ஆரம்பத்தில் சுத்தமாக வந்த தண்ணீரில் இரண்டு மாதமாக உப்பு ஏறிக்கொண்டே போனது. "ஒன் சவ்வு ஒழுவுதும்மா. வேற டாபிக் பாரு," என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டார்.

கழற்றுவதற்கு முன், மனசு கேட்காமல், வடிகட்டியின் குழாய்த் தண்ணீரில் உப்பு அளக்கும் மீட்டரை வைத்தாள். உப்பே இல்லை. பக்கத்தில் அல்மாஸுக்காக நிரப்பி வைத்திருந்த பாட்டிலில் வைத்தாள். எண் எகிறியது.

"அக்கா, இதுல எதாச்சும் கலந்தீங்களா?"

ரஹ்மத் பீவி தயங்கினாள். "எந்தம்பி சைபுல்லா உம்ரா போயிட்டு ஜம்ஜம் தண்ணி கொண்டாந்தான். ஒன் வேல பரக்கத்தா நடக்கட்டும்னு துஆ கேட்டு ஒரு ஸ்பூன் ஊத்துனேன். சரியா வரலன்னு நீ ஃபோன்ல அழுதியா, அதுலேர்ந்து ரெண்டு ஸ்பூன். தப்பாப் பூடுச்சா?"

மக்காவின் கிணற்று நீர். தாது உப்புகள் நிறைந்தது. இரண்டு மாத அழுகையையும் கோபத்தையும் கொட்ட இளமதி வாயெடுத்தாள். அதற்குள் ரஹ்மத் பீவி அலமாரியிலிருந்து சின்ன கேனை எடுத்துக் காட்டினாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"அல்மாஸ் பரிச்சைக்கு ஒரு வாய் கேட்டா. ஒனக்குன்னு வச்சிட்டேன், குடுக்கல."

இளமதி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். தன் வீட்டில்கூட யாரும் அவள் ஆராய்ச்சிக்காக இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

"சவ்வு நல்லாருக்குக்கா. மெஷினுக்குத்தான் இந்தத் தண்ணி சேரல. எனக்குக் குடுங்க, நான் குடிக்கிறேன்."

ரஹ்மத் பீவி கேனை டம்ளரில் கவிழ்த்தாள். தோளைப் பிடித்து அவளைக் ஜம்ஜம் குடிக்கும் முறைப்படி மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பி நிறுத்தினாள். இளமதி பாதியைக் குடித்துவிட்டு டம்ளரை மூடி வைத்தாள்.

"மீதி அல்மாஸுக்கு. இனிமே கொழாத்தண்ணிய மட்டும் அனுப்புங்க."

"சும்மா எப்பிடிம்மா அனுப்புறது? மனசு வரலியே."

"துஆ கேட்டு அனுப்புங்கக்கா. அதுக்கு மீட்டர் ஏறாது."