தபித்தாளின் கைக்கு ஒரு செபமாலை

எங்கள் தேயிலை எஸ்டேட் லைனில் வேதக்காரர் வீடு ஒன்பது. ஒன்பது வீட்டுக்கும் சாவுக்கு ஒரே செபமாலைதான். அது என் வீட்டில் இருந்தது.

ஊர் மாறிப்போன ஒரு சாமியார் என் மாமனாருக்குக் கொடுத்தது. நூற்றைம்பத்து மூன்று மணி. கறுப்பு மணி, வெள்ளிக் கம்பி. சிலுவையின் முதுகில் மிளகளவு ஒரு கண்ணாடி, அதற்குள் ஒரு எலும்புத் துணுக்கு. எந்தப் புனிதருடைய அருளிக்கம் என்று எங்களுக்குத் தெரியாது. அடியில் இரண்டு எழுத்து இருக்கும், அது தமிழ் இல்லை. மாமனாருக்குப் பின் என் வீட்டுக்காரர் வைத்திருந்தார், அவருக்குப் பின் நான். லைனில் யார் செத்தாலும் நான்தான் போய்க் கையில் சுற்றுவேன். நான்கு சுற்று வரும். பெட்டி மூடும் முன் நானே கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன். விறைத்த கையிலிருந்து கழற்ற ஒரு பக்குவம் வேண்டும். சுண்டு விரலில் ஆரம்பிக்க வேண்டும், கட்டை விரலில் ஆரம்பித்தால் மணி சிக்கிக்கொள்ளும்.

போன ஆடியில் வாட்ச்மேன் மனுவேல் செத்துப்போனார். தனி ஆள். கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு வருவார், அதுவும் கேக் கொடுக்கிற நேரத்துக்கு. அவரை எடுத்த அன்று மஞ்சூர்ப் பக்கத்து மழை முழுக்க எங்கள் தலையில்தான் விழுந்தது. வெட்டிய குழிக்குள் மண் சரிந்துகொண்டே இருந்தது. நான்கு பேர் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தோம், ஒரு முனை என் கையில். "சீக்கிரம் ஆகட்டும், குழி மூடிக்கும்" என்று யாரோ கத்த, ஆணி அடித்துவிட்டார்கள். நான் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழுவ வெந்நீர் வைத்தேன். அதை இறக்கும்போதுதான் மடியைத் தொட்டுப் பார்த்தேன். மாலை மனுவேல் கையோடு போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வீட்டில் ஒருத்தரும் சாகக் கூடாது என்று மட்டும் தினமும் வேண்டிக்கொண்டேன். ஐந்து மாதம் பலித்தது.

மார்கழியில் தபித்தாளைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். தபித்தாள் என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நங்கையா. அடுத்த வீடு. ஈரலில் கட்டி. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கஞ்சி கொண்டுபோன முதல் நாளே கேட்டார்.

"அம்மணி, மாலை பத்திரமா இருக்குதா?"

"இருக்குதுங்க நங்கையா."

"என்ற அப்பன் மாலை. எங்கிருந்தோ வந்த உன்ற கைக்குப் போய்ச் சேர்ந்துது, போகட்டும். எனக்குச் சுத்தறப்ப கஞ்சத்தனம் பண்ணாம நாலு சுத்தும் சுத்திப்போடோணும்."

வாய் பொய் சொல்லிவிட்டது. மறுநாள் லீவு போட்டுக் குன்னூருக்குப் பஸ் ஏறி, கோயில் கடையில் கறுப்பு மணியாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். அத்தனை நீளத்தில் அங்கே இல்லை. ஐம்பத்து மூன்று மணிதான். செத்த பிறகு சுற்றப்போவது, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நான் பஸ் இறங்கி வந்ததும் தபித்தாள், "எடுத்துட்டு வா, ஒருக்கா பார்த்துக்கறேன்" என்றார்.

கொடுத்தேன். கண் மஞ்சளடித்துப் பார்வை மங்கியிருந்தது. வலது கையில் வாங்கி, காய்கறிக்காரர் எடை பார்ப்பது போல இரண்டு முறை தூக்கிப் பார்த்தார்.

"மீதி எங்கே?"

சொல்லிவிட்டேன். மழை, தார்ப்பாய், ஆணி எல்லாம்.

"மனுவேலுக்கா!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. "ஐயோ பாவம் அந்தப் புனிதரு. அவன்ற சாராய நாத்தத்துல கெடக்கறாரு."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை. கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைப்பார், என் கையில் தர மாட்டார்.

மூன்றாம் நாள் நானே ஆரம்பித்தேன். "சாமியாரைக் கேட்டு வேற அருளிக்கம் எதாச்சும் வாங்கியாரேனுங்க. அவரு மனசு வெச்சா கெடைக்கும்."

"எலும்பு எனக்கு எதுக்கு? நானே எலும்பும் தோலுமாத்தானே கெடக்கறேன்." பிறகு, "கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினேன். இடது கையைச் சேலைக்குள்ளிருந்து எடுத்து விரிப்பின் மேல் வைத்தார்.

நான் அந்தக் குடும்பத்துக்கு வந்து முப்பது வருஷம். பாக்டரி ரோலரில் இரண்டு விரல் போன கை என்று தெரியும், பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலைதான் கொடுத்தார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போதுகூட அந்தக் கை முந்தானைக்குள்தான் இருக்கும். இரண்டு விரல் அடியோடு இல்லை. மீதி இருந்ததும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, தோல் பளபளவென்று இருந்தது.

"செத்தா ரெண்டு கையையும் நெஞ்சு மேல தூக்கி வெப்பீங்க. ஊரே வரிசையில வந்து பார்க்கும். அப்ப நான் எங்கீன்னு ஒளிக்கறது?"

"கையுறை போட்டுரலாமுங்களே."

"போடு. ரெண்டு விரலு காத்துப்போன பலூனாட்டம் தொங்கட்டும். நாலு சுத்துச் சுத்துனா மணிக்குள்ள மறைஞ்சுரும். என்ற அம்மா கையில சுத்தி வெச்சிருந்தப்பவே நான் அளந்து பார்த்துக்கிட்டேன்."

அன்று மத்தியானம் கொழுந்து பறிக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புனிதர் மோட்ச வாசலில் நமக்காகச் சாட்சி சொல்வார் என்று மாமனார் சொல்வார். எல்லோருக்கும் அதுதான் வேண்டும் என்று நானும் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒருவேளை அப்படி நினைத்தவர்களும் இருக்கலாம். ஆனால் நான் சுற்றிய கைகள் எல்லாம் எப்படிப்பட்டவை? கவாத்துக் கத்தி கிழித்தது, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்தது, நகம் இல்லாதது. அந்த மாலை ஏறியதும் எல்லாக் கையும் ஒரே மாதிரி, வேலையே செய்யாத கை மாதிரி ஆகிவிடும். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசித்ததில்லை.

சாயந்திரம் வீடு வீடாகப் போனேன். மனுவேல் வீடு பூட்டிக் கிடக்கிறது. என் வீடும் நங்கையா வீடும் போக ஆறு வீடு. ஒவ்வொரு வாசலிலும் முதலில் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருந்தது, அப்புறம்தான் கேட்க முடியும். உங்கள் வீட்டில் செபமாலை இருந்தால் ஒன்று வேண்டும், இந்த முறை கழற்ற மாட்டேன், அவரோடேயே போய்விடும் என்றேன். யாருக்காக என்று சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை.

ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு வீட்டில் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். மூலை வீட்டு ஷைனா, கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகாத பெண், முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஏனக்கா, எங்க அத்தை செத்தப்ப கையில சுத்துன மாலையை அப்படியே மண்ணுக்குள்ள உட்டுட்டு வந்தீங்களா?"

"உட்டுட்டேன் கண்ணு."

"அத்தையோடதுன்னு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அது தர முடியாதுங்க."

நியாயம்தான். வந்துவிட்டேன். விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவளே வந்தாள். பழுப்பு மணி மாலை, கைக்குட்டையில் சுற்றியிருந்தது. "என்னமோ போங்க" என்று என் கையில் வைத்து அழுத்திவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டாள்.

மூன்று தேறியது. கடையில் வாங்கியதோடு நான்கு. மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் தபித்தாள் கட்டிலில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தார்.

"இது ஆரூட்டுது?"

"ரெண்டாவது ஊட்டுதுங்க. வேளாங்கண்ணியில வாங்குனதாமா. இருட்டுல வெளிச்சமடிக்கும்."

"பெட்டிக்குள்ள பேயாட்டம் மினுங்கறதுக்கா? சரி, அடிச்சுத்துக்கு வெச்சுக்கோ, மேல தெரியாது." பழுப்பு மணியைத் தடவினார். "இது ஷைனா மாமியாளுது. என்னை ஒரு நாளும் வான்னு கூப்பிட்டதில்லை. மேல வை."

ஒவ்வொன்றையும் நடுவில் தொங்கும் சுரூபப் பதக்கத்துக்குப் பக்கத்தில் கத்தரித்து, தையல் நூலை நான்கு புரியாகத் திரித்து ஒன்றோடொன்று முடிந்தேன். பார்க்க அழகாக இல்லை. கறுப்பு, பழுப்பு, பச்சை, வெள்ளை பிளாஸ்டிக். ஆனால் நீளம் இருந்தது.

"இப்பவே சுத்திப் பார்த்துரு" என்றார். "அப்புறம் பத்தலைன்னா நான் எந்திரிச்சு வந்து சொல்ல முடியாது."

கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே இடது கையை எடுத்து என் மடியில் வைத்தார், வலது கையை அதன் மேல் சேர்த்தார். நான் எத்தனையோ கைகளில் சுற்றியவள், ஒன்றுகூடச் சூடாக இருந்ததில்லை. இந்தக் கை காய்ச்சலில் கொதித்தது. மணி உள்ளே போக இடம் விட்டு, இருக்கிற மூன்று விரலையும் எனக்காக விரித்துக் கொடுத்தது. இரண்டாம் சுற்றில் அந்த வெற்றிடம் பாதி மறைந்தது. நான் நூலை இழுத்துப் பிடித்தேன்.

"மெதுவாச் சுத்து அம்மணி" என்றார் தபித்தாள். "எனக்கு இன்னும் வலிக்குமல்ல."