நூறு கிராம்

நாற்பது பேரில் முப்பத்தேழு. பலகையில் அந்த எண்ணை எழுதிய கையோடு, பேனாவுக்கு மூடியைக்கூடப் போடாமல் பேராசிரியை என்னைக் கட்டிப்பிடித்ததில் என் மேலங்கியின் முதுகில் ஒரு நீலக் கோடு விழுந்தது. விழட்டுமே! மூன்று மாதமாக நானும் ஒரு பித்தளைக் கம்பியுமாகத்தான் அந்த அறையில் கிடந்தோம். அக்குபஞ்சர் புள்ளி என்று ஊசி போடுகிறவர்கள் காட்டும் இடத்தில் தோல் உண்மையிலேயே வேறு மாதிரியா, இல்லை எல்லாம் வெறும் நம்பிக்கையா என்பதுதான் எங்கள் கேள்வி. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒரு புள்ளி. சுற்றிலும் ஐந்து சாதாரண இடங்கள். கம்பி முனையை ஒவ்வொன்றிலும் வைத்து, மின்சாரத்தை விடாமல் தோல் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று மீட்டரில் பார்த்து எழுத வேண்டும். நாற்பது பேரில் முப்பத்தேழு பேருக்குப் புள்ளியில் வைத்தால் எண் பாதியாக இறங்கியது. பேராசிரியை எனக்குத் 'தங்கக் கை' என்றே பெயர் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது, அதில் மூன்றாவது பெயர் என்னுடையது.

புள்ளிகளைக் குறித்துக் கொடுப்பவன் என் தம்பி. இயந்திரப் பொறியியல் படித்து, நல்ல கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஒருநாள் ஊசிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றவன். அன்றைக்கு அவனிடம் பேச்சை நிறுத்திய அப்பா, நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதித்தே ஓய்வு பெற்றவர். மீட்டர் காட்டட்டும், அப்புறம் பேசுகிறேன் என்பது அவர் கட்சி. காட்டிவிட்டதே! அன்று மதியமே போன் போட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஞாயித்துக்கிழமை அவனையும் கூட்டிட்டு வா" என்றார் அப்பா. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். கடைசிச் சரிபார்ப்புக்கு வந்த எட்டுப் பேரை, பக்கத்து ரசாயன அறையில் வேலை செய்யும் பெண்ணை வைத்து அளந்திருக்கிறார்கள். குருவி மாதிரி இருப்பாள், பெயரும் குருவிதான் எங்களுக்கு. ஆறு பொட்டில் எது புள்ளி என்பதுகூட அவளுக்குத் தெரியாது. எட்டுப் பேரிலும் எண் அசையவே இல்லை. கம்பி பிடிக்கக்கூடத் தெரியவில்லை என்று பேராசிரியை அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார். மறுநாள் அதே எட்டுப் பேரை நான் அளந்தேன். எட்டும் டக் டக்கென்று இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன்.

அந்தப் பெருமையோடுதான் குருவியைச் சமாதானப்படுத்தப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு அழுத்தணும்னு எங்கிட்ட யாருமே சொல்லலையேக்கா" என்றாள்.

அழுத்துவதில் என்னடி இருக்கு என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு அழுத்த வேண்டும்? எனக்கே தெரியாதே. அவள் தராசின் தட்டில் என் இடது கையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கம்பியை எடுத்து வழக்கம்போலப் பக்கத்து இடத்தில் வைத்தேன். தொண்ணூறு கிராம். புள்ளியில் வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு. நான்கு தடவை வைத்தேன், நான்கு தடவையும் அதே கதை. புள்ளி என்று தெரிந்த இடத்தில் என் கை என்னைக் கேட்காமலே சாய்ந்திருக்கிறது. அழுத்தினால் எந்தத் தோலிலும் எண் இறங்கத்தான் செய்யும். முப்பத்தேழு பேரிடமும் நான் அளந்தது என் ஆசையை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதே நொடியில் துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேனே! குருவியின் இரண்டு கையையும் பிடித்து உலுக்கினேன். அவள் பயந்தே போனாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை கட்டுரையும் போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் தம்பியும் பேசியிருப்பார்கள். பேராசிரியையிடம் தராசைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தானே நாலு முறை அழுத்திப் பார்த்தார், அவர் கையும் சாய்ந்தது. எழுந்துபோய்ப் பலகையிலிருந்த முப்பத்தேழை அழித்தார். அப்புறம் குருவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

தம்பியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அளக்கும் அறைக்கு வரவழைத்துச் சொன்னேன், கேட்டு முடித்துச் சிரித்தான். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டது. எதை மறைத்தாலும் அவன் காது காட்டிக் கொடுத்துவிடும், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

"அப்ப நான் பொய்யாக்கா?"

"நீ இல்லடா. என் கைதான் பொய். உன்னைப் பத்தி இன்னும் யாருமே அளக்கல."

வெகுநேரம் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மேஜையிலிருந்த பேனாக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். ஒரு மணி நேரத்தில் பேனாவுக்குள் இருந்த ஒரு ஸ்பிரிங்கைக் கம்பிக்குப் பின்னால் மாட்டி, குழாயில் ஒரு சிவப்புக் கோடு போட்டு நீட்டினான். கோடு வரை அழுத்தினால் தராசில் நூறு கிராம், யார் அழுத்தினாலும், எத்தனை முறை அழுத்தினாலும். நாலு வருஷம் கழித்து என் பொறியாளர் தம்பியைப் பார்த்தேன்.

கையில் உள்ள புள்ளி உனக்கு மனப்பாடம், அது வேண்டாம், கால் என்றால் உனக்கு ஒன்றும் தெரியாது என்றான். மறைப்புக்குப் பின்னால் போய்த் தன் முழங்காலுக்குக் கீழே பன்னிரண்டு பொட்டு வைத்துக்கொண்டு வந்தான். ஒன்று மட்டும்தான் புள்ளி. எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தலையை ஒரு துண்டால் மூடிக்கொண்டு படுத்தான். "ஆரம்பிக்கும் முன்னாடியே தலையில துண்டா?" என்றார் பேராசிரியை. குருவி நோட்டோடு நின்றாள்.

முதல் பொட்டு. சிவப்புக் கோடு வரை அழுத்தினேன். அறுநூற்றுப் பத்து. இரண்டாவது, அறுநூறு. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரம்தான். ஏழாவதில் எண் இறங்கியது. நானூற்று நாற்பது. கம்பியை எடுத்தேன், கையை உதறிக்கொண்டேன், மறுபடி வைத்தேன். கோடு அதே கோடு. எண் நானூற்று முப்பத்தைந்து. குருவி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னும் ஐந்து பொட்டு பாக்கி. ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று இப்போது என்னைவிட யாருக்குத் தெரியும்?

துண்டு நழுவியது. ஓரக்கண்ணில் அவன் வலது காதின் விளிம்பு. ஒரே ஒரு முறை திரும்பினால் போதும், ஏழுதான் புள்ளியா என்று தெரிந்துவிடும். கழுத்து நரம்பு வலிக்குமளவுக்கு மீட்டரையே பார்த்துக்கொண்டு, "துண்டை இழுத்து மூடுடா" என்றேன். மூடிக்கொண்டான்.

"அடுத்தது எட்டு" என்றேன். குருவி நோட்டில் கோடு போட்டாள்.