செத்த கிருமியின் சட்டை

டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தம்பிக்குக் குளிர் தூக்கிப்போட்டது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுவென்று அடித்தது. போன தடவையும் இதே கூத்துதான். வீட்டுக்கு வந்ததும் தீர்த்துச் சொல்லிவிட்டான்: "செத்தாலும் பரவாயில்லக்கா. இனிமே அங்க வரமாட்டேன்."

சிறுநீரகம் கைவிட்ட ஆள். நாளை மறுநாள் போய் உட்காராவிட்டால் என்ன ஆகுமென்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். நேரே மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே டயாலிசிஸ் எந்திரத்துக்குப் போகும் தண்ணீரின் சுத்திகரிப்பைப் பார்க்கும் டெக்னீஷியன் நல்ல மனிதர்தான். பைப் முழுக்க மருந்து விட்டாயிற்று, ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை என்று அடித்துச் சொன்னார். வம்பே அதுதான். நான் ஆய்வகத்தில் வருஷக்கணக்காகக் குடைந்துகொண்டிருப்பதே கிருமியின் மேலுறையைத்தான். வெளியே சர்க்கரைச் சங்கிலி, உள்ளே கொழுப்பு வால். கிருமி செத்தாலும் அந்த வால் அழியாது. எந்திரத்தில் தண்ணீரையும் ரத்தத்தையும் பிரிக்கும் சவ்வைத் தாண்டி ரத்தத்தில் துளி கலந்தால் போதும், உடம்பின் காவல்படை ஊரைக் கூட்டிவிடும். திருடன் செத்த பிறகும் கொடியில் தொங்கும் அவன் சட்டையைப் பார்த்து நாய் குரைக்கிற மாதிரி.

அவர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த தண்ணீரைச் சோதனை மருந்தோடு கலந்து வெதுவெதுப்பில் வைத்தேன். அந்த வால் இருந்தால் கட்டிப்படும். சோதனைக் குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. கவிழ்த்தேன். அப்படியே வழிந்து ஓடியது. போனில் டெக்னீஷியன், அப்போதே சொன்னேனே என்றார்.

முகத்தில் கரி பூசியதுபோல் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. என் தம்பி சும்மா நடுங்குகிறவன் இல்லை. மதியம் டிபன் டப்பாவைக் கழுவும்போதுதான் பொறி தட்டியது. எவ்வளவு தேய்த்தும் பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அவர் கொடுத்ததும் பிளாஸ்டிக் பாட்டில்! கொழுப்பு வால் மொத்தமும் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, வெறும் தண்ணீர்தான் என் குழாய்க்கு வந்திருக்கிறது.

மறுநாள், பழைய வால் எதுவும் ஒட்டியிராதபடி உலையில் சுட்டெடுத்த கண்ணாடிப் புட்டியோடு போய், தம்பி உட்காரும் இடத்துக் குழாயில் நானே பிடித்தேன். டெக்னீஷியனை ஆய்வகத்துக்கு வரவழைத்து, அவர் கண் முன்னாலேயே சோதனைக் குழாயைக் கவிழ்த்தேன். கட்டி அசையவில்லை. நல்ல மனிதர் என்றேனே, தட்டிக்கழிக்கவில்லை. அன்றே பைப்பை அலசி, அந்த வாலையும் பிடித்துவைக்கும் வடிகட்டியைப் பொருத்தினார்.

புதிதாகப் பிடித்த தண்ணீரின் சோதனைக் குழாயை வீட்டுக்குக் கொண்டுபோய், நடந்ததையும் சொல்லித் தம்பி கையில் கொடுத்து, நீயே கவிழ் என்றேன். கவிழ்த்தான். மொத்தமும் தட்டில் வழிந்தது.

"கண்ணாடி பாட்டில்ல பிடிச்சதுதானே?" என்று கேட்டான்.

"ஆமாடா, வக்கீலு."

மறுநாள் மருத்துவமனையில் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏசி அதிகம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, அவனுக்காகக் கொண்டுபோன போர்வையை நான் முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.