நிழல் கேட்ட துண்டு

நெல் ஆலையின் கந்தோரில் நால்வர் இருந்தனர். மின்விசிறிக்கு நேர்கீழே முதலாளி மஜீட். அவருக்கு வலப்பக்க மேசையில், கடித உறைகளை முன்னால் அடுக்கிவைத்துக்கொண்டு, கிளாக்கர் அழகரெத்தினம். கதவோரப் பிளாஸ்டிக் கதிரையில் ஹப்ஸா, மடியில் கிளினிக் கொப்பி. அவள் கணவன் றஸாக், கதிரை ஒன்று காலியாகக் கிடந்தும், தவிட்டு மூட்டையின் மேல் குந்தியிருந்தான். இடக்காதில் வெள்ளைக் கட்டு.

"இவனுக்குக் கிட்னி மாத்தி ஒம்பது வருசம்," என்றார் மஜீட். "புத்துநோய் காதுல. இதுக்கும் இவன் என்ட களத்துல நெல்லுக் காயப்போடுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மாத்தின கிட்னிய உடம்பு தள்ளாம இரிக்கத்தான் ஒவ்வொரு நாளும் குளுசை," என்றாள் ஹப்ஸா. "அது உடம்புட எதிர்ப்புச் சக்தியக் குறைச்சுப் போடும். அதால, வெயில் படுற தோலுல எத்தின வருசம் போயும் இது வருமாம். நிழல்ல வேலை குடுக்கச் சொல்லி டொக்டர் எழுதின துண்ட மூணு வருசத்துக்கு முன்ன நான்தான் இந்தக் கையால தந்த."

"எங்களுக்கு ஒண்டும் கிடைக்கல்ல தங்கச்சி. வேணுமெண்டா பைலப் பாருங்க."

பார்த்தாள். றஸாக்கின் வேலை விண்ணப்பத்தின் மூலையில் துருப்பிடித்த குண்டூசித் தழும்பு. அதோடு குத்தியிருந்த தாளைக் காணோம். அவள் அழகரெத்தினத்தைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

தொழில் கந்தோருக்கு அவள் போட்ட முறைப்பாட்டுக்கு ஆலையின் பதில் கடிதம் தயாராக இருந்தது. தான் ஒருபோதும் நிழல் வேலை கேட்டதில்லை என்று றஸாக் அதில் ஒப்பமிட வேண்டும். இட்டால் நாளை முதல் சாக்குத் தைக்கும் கொட்டிலில் வேலை. இல்லாவிட்டால் ஆலையில் இடமில்லை.

"கொட்டில் வேலையையும் இதுல எழுதுங்க," என்றாள் ஹப்ஸா.

"ஏன், என்ட வாயில நம்பிக்கை இல்லயா?"

"வாயால தந்தா குண்டூசித் தழும்பும் மிஞ்சாதே, முதலாளி."

றஸாக் எழுந்தான். "விடு புள்ள. இந்தக் காதோட எந்த மில்லுல போய் வேலை கேக்கிற? நிழல் கிடைச்சாப் போதும்."

ஒப்பமிட்டான்.

அழகரெத்தினம் தாளை மூன்றாக மடித்தார். உறையின் விளிம்பை நாவால் நனைத்து, முழங்கையால் அழுத்தி ஒட்டினார். ஹப்ஸாவின் முகம் பாராமலே கதவைக் கடந்தார்.

"நாளையில இருந்துதானே கொட்டில்," என்றார் மஜீட். "இண்டைக்கு அவிச்ச நெல்லு களத்துல கிடக்கு. ஒருக்காப் பிரட்டிப் போட்டுட்டுப் போ, றஸாக்."

சீமெந்துக் களம் நண்பகல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. றஸாக் காதுக் கட்டின் மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு நெல் பிரட்டும் பலகையை இழுத்தான். ஆலைக் கேட்டடியில் அழகரெத்தினம் குடையை விரித்தார். கடித உறையை வெயில் படாமல் நெஞ்சோடு பிடித்தபடி தபால் கந்தோர்ப் பக்கம் நடந்தார்.