முக்காட்டுக்கு அடியில்

அந்தச் செய்தி வந்தபோது ஷாமிலா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளியே நல்ல மழை. செய்தியை அனுப்பியவள் போர்த்துக்கலில் இருக்கும் ஒரு பெண். ஷாமிலா அவள் முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆங்கிலத்தில் சில வரிகள்தான் எழுதியிருந்தாள். "உன் முக்காடு மிக அழகு. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பெண் இருக்கிறாள். உனக்குத் தெரியுமா?"

கூடவே ஒரு படம். ஷாமிலா விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் படத்தைத் திறந்தாள். சட்டியில் கடுகு கருகிப் புகை கிளம்பியது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

படத்தில் இருந்தது அவளுடைய அண்ணி பவுலின். தலையில் ஈரம் சொட்ட, பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி, முக்காட்டு நெட்டுக்கு அடியில் தோள் இரண்டும் வெறுமையாக, லயத்துச் சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் ஓர் உலகம் இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் அதில் ஆளுக்கொரு பொம்மையாக நடமாடுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், கல்யாணம்கூடக் கட்டுகிறார்கள். பொம்மை என்றாலும் மானம் உண்டு போலிருக்கிறது, உடுத்தத் துணி கேட்கிறார்கள். அந்தத் துணிகளுக்கு ஊசியும் நூலும் வேண்டாம், படம் போதும். சேலை, சட்டை, சால்வை எல்லாமே படங்கள்தான். ஹட்டனில் ஒரு கணினி வகுப்பில் ஷாமிலா இதைக் கற்றுக்கொண்டிருந்தாள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில், தங்கள் காம்பரா அறையில், அண்ணன் யோகேஸ்வரன் கட்டாரிலிருந்து அனுப்பிய பழைய மடிக்கணினியில், அவள் இதுவரை பத்துப் பதினைந்து துணிகள் செய்து அந்த உலகத்துக் கடையில் போட்டிருந்தாள்.

சேலை செய்வது சுலபம். நெட்டுத் துணிதான் உயிரை வாங்கும். நெட்டில் நூலைவிட ஓட்டை அதிகம், அத்தனை ஓட்டையும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் வேண்டாத இடத்தையெல்லாம் அழித்துவிடுவார்கள். பிறகு பொம்மைக்கு உடுத்திப் பார்த்தால் ஒவ்வொரு நூலின் ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு அசிங்கமாக நிற்கும். அதனால் வகுப்பில் பாடம் நடத்தும் சுஜீவன் சேர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். எதையும் அழிக்கக் கூடாது, மறைக்க வேண்டும். படத்துக்கு மேலே அல்பா என்று ஒரு திரை. அதில் வெள்ளையடித்த இடம் தெரியும், கறுப்படித்த இடம் மறையும். மறைந்த இடத்துக்கு அடியில் துணியின் நிறத்தையே நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஷாமிலா மறைத்தாள். நிரப்பவில்லை; திரையை விலக்கினால் அடியில் எடுத்த படம் அப்படியே இருக்கும். பார்க்க எவ்வளவோ நன்றாக இருந்தது, ஓரத்தில் ஒரு கோடும் இல்லை, பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று விட்டுவிட்டாள். வேறு எந்தத் திமிரும் இல்லை, இந்தச் சோம்பல்தான்.

முக்காடு பவுலினுடையது. அவள் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்துப் பெண், கோயிலில் கல்யாணம் கட்டியபோது போட்டுக்கொண்ட வெள்ளை நெட்டு அது. லயத்துச் சுவரும் வெள்ளைச் சுண்ணாம்பு. வெள்ளையில் வெள்ளையை வைத்துப் படமெடுத்தால் நூல் எது, ஓட்டை எது என்று யாருக்குத் தெரியும்? ஷாமிலா போர்வையில் விரித்துப் பார்த்தாள், பாயில் விரித்துப் பார்த்தாள், ஒன்றும் சரிவரவில்லை. மூன்று நாளாக மூடியிருந்த பனிமூட்டம் ஒரு நாள் காலை திடீரென்று விலகி வெயில் விழுந்தது. அதே நேரம் பவுலின் பீலியில் குளித்துவிட்டு வந்தாள். மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் பீலி. லயத்துப் பெண்கள் எல்லாரும் பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டு அங்கேதான் குளிப்பார்கள், அப்படியே ஈரத்தோடு நடந்து வீட்டுக்கு வருவார்கள். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

"அண்ணி, அப்படியே நில்லுங்க. வெயில் போயிரும்" என்று சொல்லி ஷாமிலா முக்காட்டை அவள் தலையில் போட்டுத் தோளில் இறக்கிவிட்டாள். பவுலினின் கறுத்த தோளில் ஒவ்வொரு நூலும் பளிச்சென்று எழுந்து நின்றது.

"அடியே, இந்தக் கோலத்துலயா?"

"நீங்க இருக்க மாட்டீங்க அண்ணி. துணி மட்டுந்தான் இருக்கும். நான் பொறுப்பு."

பவுலின் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் இப்போது போர்த்துக்கல் போய்த் திரும்பி வந்திருந்தது.

ஷாமிலா அடுப்பை அணைத்தாள். கடையிலிருந்து முக்காட்டை எடுத்தாள். அடியில் நிறம் நிரப்பிப் புதிதாக ஒன்று செய்து, வாங்கியவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால் அதற்கே வெகு நேரம் பிடித்தது. பழையதை அவர்கள் கையிலிருந்து பிடுங்க முடியாது, அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போர்த்துக்கல்காரிக்கும் ஜப்பான்காரனுக்கும் பவுலின் யாரென்று தெரியவா போகிறது? அப்படி நினைத்து மூச்சு விட்ட அந்த நிமிஷத்தில்தான் வகுப்பு நினைவுக்கு வந்தது. போனை எடுத்தாள்.

முக்காட்டை அவள் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள். பெருமையில் போட்டது. நான் நெட்டே செய்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளப் போட்டது. போட்டு நாலு நாள் ஆகிறது, எல்லாரிடமிருந்தும் சேர்த்து அழிக்கும் நேரம் தாண்டிவிட்டது. போனில் அந்தக் கோப்பு திறக்காது, அதுவரை புண்ணியம். ஆனால் சுஜீவன் சேர் கீழே எழுதியிருந்தார். "மிக நன்று ஷாமிலா. வகுப்புக் கணினி எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை இதை வைத்தே பாடம்."

சனிக்கிழமை என்றால் நாளைக்கு.

சேருக்கு அழைத்தாள். போன் அணைந்திருந்தது. செய்தி அனுப்பினாள், போய்ச் சேரவில்லை. வகுப்பில் வேறு யாரிடமாவது சொல்லலாம். சொன்னால் என்ன என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வது? வகுப்பில் பாதிப் பேர் அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களில் பிரியந்தி இந்தத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலேயே இருக்கிறாள். புருஷன் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி லயத்தில் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று ஷாமிலாவுக்குத் தெரியும். மேல் லயத்தில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது, கடைசியில் அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கே போய்விட்டாள். பீலியில் ஆயிரம் பேர் பார்க்கலாம். அதே கோலம் ஒரு படமாகிக் கணினியில் ஏறிவிட்டால் கதை வேறு. யார் எடுத்தது, எதற்கு எடுத்தது, யாருக்கு அனுப்பியது என்று கேட்பார்கள். அண்ணன் நல்லவன்தான். நல்லவனுக்கும் காது இருக்கிறதே.

அன்றைக்கு அவள் கண் மூடவில்லை.

காலையில் பவுலின் கொழுந்தெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டியபடியே கேட்டாள். "ஏன் மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? மேலுக்கு முடியலயா?"

"ஒண்ணுமில்லங்க அண்ணி."

"நேத்துப் பருப்புலயே பாத்தேன். கருகல் நாத்தம்." பவுலின் சிரித்தாள். "ஏன் புள்ள, என் முக்காட்ட எந்த வெள்ளக்காரியாச்சும் போட்டுக்கிட்டாளா?"

"போட்டுக்கிட்டாங்க."

"நல்லா இருக்கட்டும். எனக்கு ஒரு நாளுதான் போட வாய்ச்சிச்சு. அவளுங்க தெனம் போடட்டும்."

இப்போது சொல்லிவிடலாம் என்று ஷாமிலா வாயைத் திறந்தாள். அதற்குள் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பவுலின் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஷாமிலாவுக்கு அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

முதல் பஸ் வரவில்லை. இரண்டாவது பஸ் மூட்டத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து போனது. தலவாக்கலையில் டிரைவர் இறங்கித் தேநீர் குடித்தான். ஷாமிலாவுக்கு அவன் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட வேண்டும் போல வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து சேரிடம் சொல்லப்போகும் பொய்யை மனப்பாடம் செய்தாள். சேர், அந்தக் கோப்பில் வைரஸ் இருக்கிறது, திறக்காதீர்கள், எல்லாக் கணினியிலும் அழித்துவிடுங்கள். நல்ல பொய். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சேரும் பயந்து அழிப்பார். ஹட்டன் வரும்வரை அதையே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வகுப்பு ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில். படியேறும்போதே சேரின் குரல் கேட்டது. பாடம் தொடங்கிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். விளக்கை அணைத்துப் புரொஜெக்டர் போட்டிருந்தார்கள். சுவர் முழுக்க அவளுடைய முக்காடு. அடியில் ஒன்றுமில்லை என்று காட்டும் சாம்பல் கட்டங்களுக்கு மேலே வெள்ளை நூல்கள் பூப்பூவாக விரிந்து கிடந்தன. பவுலின் எங்கும் இல்லை. இன்னும் இல்லை.

"இந்தா, செஞ்சவங்களே வந்துட்டாங்க" என்றார் சேர். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் கையும் தட்டினான். "எல்லாரும் அவங்கவங்க கம்பியூட்டர்லயும் தொறந்துக்கிட்டீங்கதானே? ஓரத்தப் பாருங்க. வெள்ளக் கோடு இருக்கா? இல்ல. இப்ப இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம்."

"சேர், அதுல ஒரு பிழை இருக்குங்க சேர்."

"பிழை இருந்தா இன்னும் நல்லது. எல்லாரும் பார்த்துப் படிச்சுக்கட்டும்."

சுவரில் அம்புக்குறி நகர்ந்தது. முக்காட்டைத் தாண்டி வலது ஓரத்துக்குப் போனது. அல்பா திரையை விலக்குகிற பொத்தானும் அந்த ஓரத்தில்தான் இருந்தது. வைரஸ் என்று சொல்ல வேண்டும். அதற்கு நேரமில்லை. ஷாமிலா குனிந்து தரையில் ஓடிய வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். புரொஜெக்டர் செத்தது. சுவர் வெறும் சுவரானது.

"என்ன வேல இது?" சேருக்கு நிஜமாகவே கோபம். "கழுதை மாதிரி இழுக்கிற, பல்ப் எரிஞ்சா யார் பதில் சொல்றது? என்ன நடந்துச்சு ஒனக்கு?"

அவர் அவளை ஒருநாளும் அப்படித் திட்டியதில்லை. அவள் மனப்பாடம் செய்த பொய் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. கண்ணீர் முட்டியது, கூடவே உண்மையும் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அதுல எங்க அண்ணி இருக்காங்க சேர். அல்பாவுக்கு அடியில. குளிச்சிட்டு வந்த கோலத்துல நிக்கிறாங்க. நான் நிரப்பாம விட்டுட்டேன். தயவு செஞ்சு யாரும் அதத் தொறக்காதீங்க."

சேர் நெற்றியைத் தேய்த்தார். அவர் கோபம் போய்விட்டது.

"நான் அந்தப் பக்கமே போகல ஷாமிலா" என்றார் மெதுவாக. "ஓரத்தப் பெருசாக்கிக் காட்டத்தான் போனேன். அல்பாவ இன்னிக்கு நான் தொட்டே இருக்க மாட்டேன். அதத் தொறந்து காட்டுறது அடுத்த கிழமப் பாடம்."

ஷாமிலா அவரைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த கிழமை, இன்னும் முழுதாக ஒரு வாரம். அதற்குள் சேரைத் தனியாகப் பிடித்து, அழுதோ பொய் சொல்லியோ ஒவ்வொரு கணினியிலும் அழித்திருக்கலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. யாருக்கும் தெரியாமல் மறைந்து கிடந்த அண்ணியை, பஸ் ஏறி, மூச்சிரைக்க ஓடிவந்து, ஊர் கூடியிருந்த இடத்தில் தானே கூவிச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கோப்பு இப்போது அறையில் எல்லார் முன்னாலும் திறந்து கிடந்தது. எல்லார் கையும் மவுஸில் இருந்தது.

"கையெடுங்க" என்றார் சேர். "எல்லாரும் கையெடுங்க. நான் வந்து அழிக்கிறேன்."

சிலர் எடுத்தார்கள். பின் வரிசையில் ஒரு மவுஸ் கிளிக்கென்றது.

ஷாமிலா திரும்பினாள். பிரியந்தி உட்கார்ந்திருந்தாள். கெட்ட பெண் இல்லை, யாரையும் குறை பேசுகிறவளும் இல்லை. கை தன்போக்கில் அழுத்திவிட்டது போலத் திகைத்துப்போய் இருந்தாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் நிறம் மாறி விழுந்தது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு ஷாமிலாவைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"நம்ம பவுலினக்காவா இது?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த இருவரும் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்கள்.