காற்று எந்த அடுக்கில் நிற்கிறது

மெர்லினின் கணவன் மார்ட்டின் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தான். கோடையில் உப்பு விளையத் தொடங்கியபோதுதான், அவன் செய்து வைத்த ‘உப்புக்காற்று’ இணையப் பக்கமும் திறப்பதில்லை என்று தெரிந்தது. உப்பளத்து வரப்பில் ஒரு கம்பம், அதன் உச்சியில் காற்றில் சுழலும் மூன்று கிண்ணங்கள். அது அனுப்பும் காற்று வேகத்தை வீட்டில் ஒரு சின்னப் பெட்டி பெற்று இணையத்தில் காட்டும். போனில் அதைப் பார்த்துத்தான் இன்றைக்கே உப்பை வாருவதா, ஒரு நாள் விடுவதா என்று முடிவு செய்வார்கள்.

“செத்துப்போச்சு அண்ணி. கம்பத்த நான் எறால் குட்டைக்கு லைட்டு போட எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அன்று காலை கொழுந்தன் விக்டர் ஸ்பேனரோடு அளத்துக்குப் போனான். மெர்லினுக்கு மனசு கேட்கவில்லை. எது செத்தது? கம்பமா, பெட்டியா, நடுவில் ஏதாவதா? இணைய இணைப்புக் கொடுக்கும் தவுசீப்பைக் கூப்பிட்டாள்.

தவுசீப் முதலில் வயரைப் பார்த்தான். பிறகு வைஃபையை. பிறகு வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தான், திறந்தது.

“ஏன் தம்பி கீழேர்ந்து ஒண்ணொண்ணா பாக்கற?”

“இது அடுக்கு அடுக்கா இருக்குதுக்கா. ஒவ்வொருத்தனுக்கும் ஒரே வேலை. வயரு சிக்னல கொண்டு போவும். அதுக்கு மேல இருக்கிறவன் முகவரி பாத்து அனுப்புவான். உள்ள என்ன இருக்குதுன்னு பிரிச்சுப் பாக்க மாட்டான். மேல் அடுக்குக்காரன்தான் பிரிப்பான்.”

“எங்க அந்தோணியார் மாதிரி. நாம எழுதிப் போடற மனுவ மேல கடவுளுக்கு அனுப்புவாரு, படிக்க மாட்டாரு.”

“அதேதான்! ஆனா அங்க பதில் வரலன்னா எந்த அடுக்குல நின்னுச்சுன்னு பாக்க முடியாது. இதுல பாக்கலாம்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மார்ட்டினுக்காக அவள் போட்ட மனுக்கள் எத்தனையோ.

“பரவால்ல, பாரு” என்றாள் மெர்லின்.

வீட்டு இணைப்பில் இருக்கும் கருவிகளை அவன் போனில் வரிசையாக எடுத்தான். அவளுடைய போன், டிவி, அதற்கடியில் ‘மார்ட்டின் கம்பம்’ என்ற பெயரில் அந்தப் பெட்டி. தவுசீப் ஏதோ தட்டினான்.

“இருக்கியான்னு கேட்டேன். இருக்கேங்குது.”

மெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்புறம் ஏன் தெறக்கல?”

“பக்கத்தோட பேரு போயிடுச்சுக்கா. நாம பேரத்தான் அடிக்கறோம், மிஷினுக்கு நம்பர்தான் தெரியும். பேரச் சொன்னா நம்பர் சொல்றதுக்குத் தனியா ஆளு. அவன்கிட்ட வருஷா வருஷம் பேரப் புதுப்பிக்கணும். அண்ணன் மெயிலுக்கு ஞாபகப்படுத்தி இருப்பாங்க. யாரு பாத்தது? வேற பேரு போட்டுக்கலாம். இப்ப நம்பரையே அடிங்க.”

புள்ளி வைத்த நான்கு எண்களைத் தவுசீப்பின் போனில் அவளே அடித்தாள். பக்கம் திறந்தது. காற்று, பதினாலு.

“இது அன்னைக்கு அடிச்ச காத்தா, இன்னைக்கு அடிக்கறதா?”

அவள் விக்டருக்குப் போன் போட்டாள்.

“ரெண்டு நட்டு கழட்டிட்டேன் அண்ணி, ஏணி மேல நிக்கறேன். என்ன?”

“அந்தக் கிண்ணத்த கையால புடி.”

“எதுக்கு?”

“புடிடா!”

பதினாலு, ஒன்பது, மூன்று, பூஜ்யம்.

“இப்ப சுத்து. வேகமா.”

எண் ஐம்பதைத் தாண்டியது. “புயல் எச்சரிக்கை வுட்றலாம்க்கா” என்று தவுசீப் சிரித்தான்.

“என்ன அண்ணி, தெரியுதா?”

“ஒன் கை தெரியுது விக்டரு. இங்க ஒக்காந்துக்கினே தெரியுது.”

போனில் ஸ்பேனர் கம்பத்தில் உரசும் சத்தம் கேட்டது.

“நட்ட திரும்ப முறுக்கிட்டு வர்றேன்” என்றான் விக்டர்.

எண் பதினாலுக்கு இறங்கி நின்றது. அடுத்த நொடி மறுபடியும் நாற்பதுக்கு ஏறியது.

“ஏன்டா இன்னும் சுத்தற?”

“சும்மாதான் அண்ணி. வருதான்னு பாத்தேன்.”

“வருது.”